கிழவன் பறக்குறான்!

கேள்வி: யெலஹங்கால ஏர் ஷோ பார்த்தேன் சார், ஜெட் சத்தத்துல காதுதான் வலிச்சுது. ஆனா ஸ்பிட்ஃபயர்ங்கிற பிரிட்டிஷ் போர் விமானம் பறக்குற வீடியோ பார்த்தா மட்டும் புல்லரிக்குது, அந்தக் காலத்து விமானம் இன்னும் எப்படி ஓடுது?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: எனக்கும் அதே வியாதிதாங்க! 1936ல முதல்முதலா பறந்த டிசைன் அது. உள்ள இருக்குற மெர்லின் இன்ஜின் 27 லிட்டர், 12 சிலிண்டர், அதாவது ஒரு சிலிண்டரே ரெண்டே கால் லிட்டர், உங்க வீட்டு கார்ல மொத்த இன்ஜினே 1.2 லிட்டர்தான் இருக்கும், அப்புறம் அந்த உறுமல் வராம என்ன பண்ணும். ஓடுறதுக்குக் காரணம் ஓயாத பராமரிப்பு, பல விமானங்கள்ல பாதி பாகம் புதுசு (பிடியும் மாத்தி இரும்பும் மாத்துன தாத்தா அரிவாள் கதைதான், இருந்தாலும் அரிவாள் அரிவாள்தானே). ஆனா 1940ல ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த 'பிரிட்டன் போர்'ல பறந்த, P7350ங்கிற நம்பர் கொண்ட ஸ்பிட்ஃபயர் இன்னும் பிரிட்டிஷ் விமானப்படைகிட்ட இருக்கு. ஒரே தொல்லை, ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில, தரையில ரொம்ப நேரம் நின்னா காத்து பத்தாம சூடேறிடும். நம்ம சில்க் போர்டு சிக்னல்ல விட்டா அஞ்சே நிமிஷத்துல பொங்கிடும்!