வீட்டுத் தோட்டத்தில் சிறு குளம்: கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்துக் குளம் அமைக்க எண்ணியுள்ளேன். எவ்வளவு பெரிய விரிப்பு வாங்க வேண்டும்?

பதில்: ஆழத்தை இரண்டால் பெருக்கி நீளத்தோடும் அகலத்தோடும் தனித்தனியே கூட்டுங்கள், கரையில் மடித்துப் புதைக்கப் பக்கத்துக்கு 1 அடி வீதம் மேலும் 2 அடி சேருங்கள். உங்கள் குழிக்கு 14 அடிக்கு 11 அடி விரிப்பு வேண்டும். ஏறத்தாழ 2,200 லிட்டர் நீர் பிடிக்கும். வீட்டில் கிடக்கும் மெல்லிய தார்ப்பாய் வெயிலில் விரைவில் நொறுங்கிவிடும் என்பதால், பண்ணைக் குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) தடிமனுள்ள விரிப்பையே கேட்டு வாங்குங்கள். விரிப்பதற்கு முன் கூரான கற்களையும் வேர் முனைகளையும் நீக்கி, 2 அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் பழைய சாக்குகளைப் போடுங்கள்.

வெட்டுவதைவிடக் கரையை மட்டம் பார்ப்பதே முக்கியம். என் முதல் குளத்தில் கண்ணளவை நம்பியதால் மேற்குக் கரை 2 அங்குலம் தாழ்ந்துபோயிற்று. நீர் அந்தப் பக்கம் வழிய, எதிர்க் கரையில் கறுப்பு விரிப்பு ஒரு பட்டையாகக் கடைசிவரை வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாயை, அதாவது டியூப் மட்டத்தை, ஒரு மணி நேரம் இரவல் வாங்கியிருந்தால் அது நேர்ந்திராது. மழைநீர் மண்ணோடு உள்ளே புகாதபடி கரையைத் தரையிலிருந்து 3 அங்குலம் உயர்த்துங்கள். ஐப்பசி மழைக்கு ஒரு வழிகுழாயும் வையுங்கள்.

கேள்வி (மதுரை): புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் விட்ட மீன்கள் இரண்டே நாளில் இறந்துவிட்டன. காரணம் என்ன, ஐயா?

பதில்: புதுச் சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை மிகவும் உயர்த்திவிடும். மீன் வளர்ப்போர் வாழைத்தண்டை நறுக்கித் தொட்டி நீரில் ஊறவிட்டு, அந்த நீரை இறைத்துவிட்டு மீண்டும் நிரப்புவார்கள். மூன்று வாரங்களுக்காவது இப்படி ஊறவைத்து, மீன் கடையில் கிடைக்கும் பிஎச் (கார, அமில அளவு) சோதனைத் திரவத்தால் பார்த்து, பிஎச் 8.5-க்குக் கீழே வந்து நிலைத்தபின் மீன் விடுங்கள். குளோரின் கலந்த குழாய்நீரானால், அதைத் திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள்.

கேள்வி (சேலம்): மாமரத்தடியில் குளம் அமைத்துத் தாமரை வைத்தேன். இலை மட்டுமே வருகிறது, நீரும் பச்சையாகிவிட்டது.

பதில்: தாமரைக்கு நாள்தோறும் ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். மரத்தடியில் அது கிட்டாது. உதிரும் சருகுகள் அடியில் அழுகி, நீரைப் பச்சையாக்கும் பாசிக்கு உரமாகின்றன. அடிக்கடி நீரை மாற்றாதீர்கள். சருகை வலையால் அள்ளி, மிதக்கும் இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடுமாறு அல்லியை வளருங்கள். வெங்காயத்தாமரையை மட்டும், அழகாகப் பூக்கிறதே என்று, உள்ளே விடாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கொசு பெருகுமே என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

பதில்: அச்சம் நியாயமானதே, வெப்பக் காலத்தில் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். பத்துப் பதினைந்து கப்பி மீன்கள் இருந்தால் புழுக்களைத் தின்றுவிடும். ஆனால் அவற்றுக்கு வயிறு நிறையத் தீனி போட்டால் புழுவைத் தேடமாட்டா.

கேள்வி (கோவை): மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. ஆழத்தைக் குறைத்தால் போதுமா?

பதில்: போதாது. அரை அடி நீரும் குழந்தைக்கு ஆபத்தே. நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே இரும்புக் கம்பிவலைச் சட்டம் பொருத்துங்கள். அல்லது குழந்தை வளரும்வரை குளத்தைத் தள்ளிப்போடுங்கள்.