முதல் ஈவில் விதினைப் பாதியில் விட்டவருக்கு

‘தி ஈவில் விதின்’ என்ற திகில் வீடியோ கேமின் மூன்றாம் அத்தியாயத்தில் ரம்பக்காரனிடம் செத்துச் செத்து அலுத்துவிட்டது, நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம் நண்பரே. தீயில் இறந்ததாக நினைத்த மகள் லில்லியைத் தேடி நாயகன் செபாஸ்டியன், மனங்களை இணைத்து ஓர் இயந்திரம் உருவாக்கும் உலகமான ஸ்டெம்முக்குள் மறுபடி நுழைகிறார். இது தெரிந்தால் போதும்.

2014-இல் வந்த முதல் பாகம் மூச்சுவிட இடம் தராது. தோட்டா குறைவு, சுட்டு விழுந்த எதிரியையும் தீக்குச்சியால் எரிக்காவிட்டால் எழுந்துவிடுவான். 2017-இல் வந்த இரண்டாவதில் யூனியன் என்ற ஊரே திறந்து கிடக்கிறது. வெடிமருந்து பொறுக்கித் தோட்டா செய்துகொள்ளலாம். ஆனால் அதை அதற்கென உள்ள வேலை மேசையில் செய்யுங்கள், நின்ற இடத்தில் செய்தால் பொருள் கூடுதலாகச் செலவாகும்.

பயம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் யூனியனில் ஒரு வீட்டுக்குள், முதல் பாகத்தில் பாதுகாப்பான அறையின் அடையாளமாக இருந்த அதே பியானோ மெட்டை ஒரு பெண்ணுருவம் முனகிக்கொண்டு வரும். முதல் பாகத்தில் அதைக் கேட்டு நிம்மதியடைந்தவருக்குத்தான் அங்கே உடம்பு சில்லிடும்.

அதனால் ஒரேயொரு முறை கேஷுவல் என்ற எளிய நிலையில் முதல் பாகத்தைத் தொட்டுப் பாருங்களேன். அருகருகே விழுந்து கிடக்கும் எதிரிகளை ஒரே குச்சியில் எரியுங்கள்.