அமெரிக்கக் கால்பந்தின் தடுப்பாட்டக்காரர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார், ஏன்?

என்னுடைய பதில் ஆலன் பேஜ். லாரன்ஸ் டெய்லர், ரெஜி வைட், ஜோ கிரீன் ஆகிய பெயர்களில் ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆட்டத்திறனை மட்டும் அளவுகோலாக வைத்து அவர்களில் யாரைச் சொன்னாலும் நான் வாதிட வரமாட்டேன். ஆனால் பேஜின் பெயரை நான் முதன்முதலில் கண்டது விளையாட்டுப் பக்கத்தில் அல்ல, மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில். அதே பெயரில் ஒரு பழைய ஆட்டக்காரரும் இருந்தார் என்று பின்னர் அறிந்தபோது, இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றே கொஞ்ச நாள் எண்ணியிருந்தேன்.

இந்த ஆட்டத்தோடு பழக்கமில்லாதவர்களுக்காக அவர் ஆடிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாக்கும் அணியை நடத்துபவர் குவார்ட்டர்பேக்; அவருக்கு முன்னால் ஐந்து கனத்த ஆட்கள் சுவர்போல வரிசையாக நிற்பார்கள். அந்தச் சுவரின் நடுப்பகுதிக்கு நேரெதிரே, கையை மண்ணில் ஊன்றிக் குனிந்து நிற்பவர்தான் டிஃபென்சிவ் டாக்கிள். பந்து அசையும் வரை அவர் கோட்டைத் தாண்டக் கூடாது. அசைந்த பிறகு, சுவரை உடைத்துக்கொண்டு போய், குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை வீழ்த்த வேண்டும். அப்படி வீழ்த்துவதற்குச் சாக் என்று பெயர். பொதுவாக இந்த இடம் மலைபோன்ற உடம்புக்காரர்களுடையது. 6 அடி 4 அங்குல உயரமும் சுமார் 111 கிலோ எடையும் கொண்ட பேஜ் அவர்களோடு எடைக்கு எடை மோதவில்லை. பந்து அசைந்த கணத்திலேயே கிளம்பிவிடுவதுதான் அவருடைய ஆயுதம். எதிரே நிற்பவர் காலை எடுத்து வைப்பதற்குள் அவர் பக்கவாட்டில் நழுவி உள்ளே போயிருப்பார். பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்தால், அவருக்கு மட்டும் யாரோ முன்கூட்டியே சைகை கொடுத்துவிட்டார்களோ என்ற ஐயம் வரும்.

பேஜ் 1945இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தவர். பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது அவருக்கு எட்டு வயது. சட்டத்தின் மீது தமக்கு ஈர்ப்பு உண்டானதற்கு அந்தத் தீர்ப்பை அவரே ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார். தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மிகு வீரர்களுக்கான அரங்கம் அதே கேன்டனில் 1963இல் திறக்கப்பட்டது; பள்ளிப் பருவத்தில் அதன் கட்டுமான வேலையில் கூலிக்கு உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அதே அரங்கத்தில் 1988இல் அவருடைய மார்பளவுச் சிலையை வைத்தார்கள். நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்து, 1966இல் தேசிய வாகை சூடிய அணியில் ஆடி, கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1967ஆம் ஆண்டுத் தேர்வில் 15ஆவது ஆளாக மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குப் போனார்.

அங்கே கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் ஆகியோரோடு அவர் சேர்ந்த நால்வர் வரிசைக்கு, அணியின் ஊதா நிறச் சட்டையை வைத்துப் பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஊதா நிற மனிதத் தின்னிகள் என்று பொருள் கொள்ளலாம். "குவார்ட்டர்பேக்கிடம் சந்திப்போம்" என்பது அவர்களுடைய முழக்கம். இவர்களில் லார்சனைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை. எதிரணி பந்தைச் சுமந்து நடுவில் ஓடி வந்தால் தடுப்பதற்காக அவர் பெரும்பாலும் தம் இடத்திலேயே நின்றுகொண்டார். அதனால்தான் மற்ற மூவரும் துணிந்து பாய முடிந்தது.

1971ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், தொழில்முறை அணிகள் ஆடும் தேசியக் கால்பந்து லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரராகப் பேஜைத் தேர்ந்தெடுத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அதன் பிறகும் 1986இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவருக்குத்தான் அது கிடைத்தது. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் புரோ பௌல் ஆட்டத்துக்குத் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் தேர்வானார். 15 பருவங்களில் 218 லீக் ஆட்டங்களில், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினார். பின்னாளில் ஆர்வலர்கள் பழைய பதிவுகளைப் புரட்டி அவர் கணக்கில் 148.5 சாக்குகளைச் சேர்த்தார்கள். ஆனால் லீக் தனிநபர் சாக் கணக்கை அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது 1982இல். பேஜ் ஓய்வு பெற்றது 1981இல். ஆகவே அதிகாரபூர்வப் பட்டியலில் அவருக்கு ஒன்றுகூட இல்லை.

குறையையும் சொல்ல வேண்டும். வைக்கிங்ஸ் அணி அவருடைய காலத்தில் நான்கு முறை லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌலுக்குப் போய் நான்கிலும் தோற்றது. அவற்றுள் மயாமியின் லாரி சொங்கா 145 கெஜமும், பிட்ஸ்பர்க்கின் ஃபிராங்கோ ஹாரிஸ் 158 கெஜமும் பந்தோடு ஓடினார்கள். பாய்ந்து உள்ளே போகும் தடுப்பு வரிசையின் பலவீனமே அதுதான்: பாய்ந்தவர் விட்டுச் சென்ற இடைவெளி வழியாக எதிராளி ஓடிவிடுவார். பேஜின் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை, நான் ஒப்புக்கொள்கிறேன்.

என்னை உண்மையில் கவர்ந்தது அவருடைய ஆட்ட வாழ்வின் பிற்பகுதி. 1970களின் நடுவில், புகைபிடிப்பதை விட முயன்ற தம் மனைவி டயேனுக்குத் துணையாக ஓடத் தொடங்கிய பேஜ், பிறகு அதை விடவே இல்லை. நெடுந்தூரம் ஓட ஓட எடை குறைந்தது. டிஃபென்சிவ் டாக்கிளுக்கு எடை குறைவதைப் பயிற்சியாளர்கள் விரும்புவார்களா? 1978ஆம் ஆண்டுப் பருவத்தின் இடையிலேயே வைக்கிங்ஸ் நிர்வாகமும் பயிற்சியாளர் பட் கிரான்ட்டும் அவரை விடுவித்தார்கள். விடுவிக்கப்பட்டவரை எடுத்துக்கொள்வதற்கான நூறு டாலர் கட்டணத்தைக் கட்டிச் சிகாகோ பேர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அங்கே மேலும் மூன்றரைப் பருவங்கள் ஆடி, ஏறத்தாழ நாற்பது சாக்குகளையும் சேர்த்தார். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1979இல், முழு மாரத்தானையும் ஓடி முடித்தார். லீக்கில் இருந்துகொண்டே அதைச் செய்த முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

அணி அவரைத் தள்ளிவிட்ட அதே 1978இல்தான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் சட்டப் பட்டம் பெற்றார் என்பதை நான் நெடுநாள் கவனிக்காமல் இருந்தேன். இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களிலேயே முடியாது என்று விட்டுவந்தவர் அவர். வீரர்கள் சங்கத்தில் அணியின் பிரதிநிதியாக இருந்து, ஒப்பந்தப் பேச்சுகளின் நுணுக்கங்களை அருகிலிருந்து பார்த்த பிறகு மீண்டும் படிக்கப் போனார். ஓய்வு பெற்றபின் வழக்கறிஞராகவும், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் பணியாற்றினார்.

மின்னசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் நடைமுறையில், நீதிபதிகள் பதவிக்காலத்தின் இடையிலேயே விலக, ஆளுநர் புதியவரை நியமிக்க, வெளியாள் போட்டியிடும் வாய்ப்பே அரிதாகிவிடும். 1992இல் ஓய்வை நெருங்கிய ஒரு நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் அந்த இடத்துக்கான தேர்தலே இல்லாமல் போனது. பேஜ் ஆளுநரை எதிர்த்து வழக்குத் தொடுத்து வென்று, நடந்த தேர்தலிலும் வென்று, அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். சட்டம் கட்டாய ஓய்வு என்று வகுத்த எழுபது வயதை 2015இல் எட்டும் வரை மூன்று முறை மறுபடியும் தேர்வானார்.

அவரும் டயேனும் 1988இல் தொடங்கிய அறக்கட்டளை, வெள்ளையரல்லாத மின்னசோட்டா மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. பெறுபவர்கள் சிறு பிள்ளைகளுக்குப் பாடத்தில் துணைநிற்க வேண்டும் என்பது நிபந்தனை. 2018இல் அவருக்கு நாட்டின் உயரிய குடிமை விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளி, டகோட்டா பழங்குடியினரை அழிக்க வேண்டும் அல்லது விரட்ட வேண்டும் என்று 1862இல் முழங்கிய ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சேயின் பெயரைத் தாங்கியிருந்தது. அதை நீக்கிவிட்டு ஜஸ்டிஸ் பேஜ் நடுநிலைப் பள்ளி என்று பெயர் மாற்றினார்கள்.

வகுப்பறைகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசுவது அவருக்கு நெடுநாள் வழக்கம். பிள்ளைகளின் கண் முதலில் போவது அவருடைய சுண்டுவிரலுக்குத்தான். ஆட்டக் காலத்தில் திரும்பத் திரும்பப் பிசகியதால் அது ஏறத்தாழ செங்கோணத்தில் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது. அவருடைய படம் ஏதேனும் கிடைத்தால் அந்த விரலைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் போ டை எனப்படும் வில் வடிவக் கழுத்துப்பட்டியும் அணிந்திருப்பார்.