மூன்று லட்சம் யாருக்கு? மேடைக்குப் போன மகனும் மைதானத்தை விடாத மகளும்

கேள்வி: என் மகனுக்கு 25 வயது. இன்ஜினீயரிங் முடித்துச் சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டான். மகளுக்கு 22. கல்லூரி அணியில் கால்பந்து ஆடியவள். முழங்காலில் ஏ.சி.எல். என்கிற மூட்டு நார் கிழிந்து, நாலு மாதம் முன்பு ஆபரேஷன் ஆனது. வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவளோ "இனி ஆட மாட்டேன், பெண்கள் டீமுக்குக் கோச் ஆவேன்" என்கிறாள். "ஒருத்தன் கூத்தாடி, ஒருத்தி பந்து உதைக்கிறவ, ஆடவே முடியாதவ என்னத்தச் சொல்லிக் குடுப்பா" என்று ரிட்டயர் ஆகி வீட்டிலிருக்கும் என் கணவர் புலம்புகிறார். கையில் மூன்று லட்சம் இருக்கிறது. மகனை நடிப்புப் பயிற்சியில் சேர்ப்பதா, மகள் கல்யாணத்துக்கு வைப்பதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் மகனைப் பற்றி ஒன்றரைப் பக்கம், மகளைப் பற்றி ஆறே வரி. நான் அந்த ஆறு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் கணவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு பெண் இருக்கிறார். லண்டனில் பிறந்த எம்மா ஹேய்ஸ். கணுக்கால் காயத்தால் பதின்ம வயதிலேயே அவருடைய ஆட்டம் முடிந்துபோனது. 2001-ல் அமெரிக்காவில் லாங் ஐலண்ட் பக்கம் ஒரு பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். பிறகு இங்கிலாந்தின் ஆர்சனல் பெண்கள் அணியில் உதவிப் பயிற்சியாளர், அதன்பின் சிகாகோ அணி. 2010-ல் சிகாகோவில் வேலை போனது. 2012-ல் இங்கிலாந்தின் செல்சி பெண்கள் அணிக்கு மேனேஜராக வந்தார். அங்கே முதல் கோப்பை கிடைக்க 2015 ஆகிவிட்டது. 2020 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் பிரேசிலை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியபோது அந்த அணியின் பயிற்சியாளர் அவர்தான்.

பெண்கள் அணியை நடத்துவது தனி வேலை, அம்மா. வீராங்கனைகளின் மாதவிடாய் நாட்களைக் கணக்கில் வைத்துப் பயிற்சியை வகுக்கும் முறையை 2020 வாக்கில் செல்சியில் கொண்டுவந்தவர் ஹேய்ஸ். ஏ.சி.எல். கிழிவதும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். எப்படித் தரையிறங்கினால் முழங்கால் திருகும் என்பதை உங்கள் மகள் தன் காலாலேயே படித்துவிட்டாள். அவளிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அது பெரிய காவல்.

போன வருடம் ஒரு அரசுப் பள்ளி மைதானத்தில் விடிகாலைப் பயிற்சி பார்த்தேன். பயிற்சியாளர் அம்மா முதலில் பந்தைத் தொடவே இல்லை. பதினெட்டுப் பேரை எண்ணினார், ஒருத்தி குறைந்தாள். உடனே போனை எடுத்து அந்தப் பிள்ளையின் பாட்டியிடம் பேசினார். "பால் கறந்துட்டு வரட்டும் ஆத்தா, நான் நிக்கிறேன்." இருபது நிமிடம் கழித்து அந்தப் பெண் ஓடிவந்தாள், கையில் ஷூவோடு. அவளைத் திட்டவில்லை, நேராக வார்ம்-அப்பில் சேர்த்துவிட்டார். இந்த வேலைக்குப் பயிற்சியாளர் லைசென்ஸ் மட்டும் போதாது. ஆனால் லைசென்ஸும் வேண்டும்.

'டி' லைசென்ஸில் தொடங்கி சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கட்டணம், பயணம், இடையில் வேலை செய்த அனுபவம் எல்லாம் தேவை. வாசல் திறந்துதான் இருக்கிறது. உங்கள் பக்கத்து ஊர் மதுரையின் சேது எஃப்.சி. 2018-19-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. அடுத்த சீசனில் வென்ற கோகுலம் கேரளா அணிக்குப் பயிற்சியாளர் பி.வி.பிரியா என்ற பெண். ஆனாலும் ஆரம்பத்தில் கிடைக்கும் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் மகள் பி.பி.எட். படிக்கட்டும். பி.டி. டீச்சர் வேலை இந்தக் கனவுக்கு எதிரி இல்லை. இங்கிலாந்து அணிக்கு 2022, 2025 இரண்டு முறையும் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த சரினா வீக்மன், நெதர்லாந்தில் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர்தான்.

ஆகவே மூன்று லட்சத்தில் முதல் பங்கு மகளுக்கு. முதலில் பிசியோதெரபி, அதை நடுவில் நிறுத்தாதீர்கள். அடுத்து பி.பி.எட்., அதோடு 'டி' லைசென்ஸ். கல்யாணத்தைப் பற்றி அவளையே கேளுங்கள், இப்போது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மகனுக்கு இப்போது பணம் தேவையில்லை. மூன்று மாதத்தில் நடிகனாக்கிக் காட்டுகிறோம் என்று லட்சங்களில் கேட்கிற இடத்தில் தயவுசெய்து கட்டாதீர்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் படிப்புக்கு உதவித்தொகையே தருகிறார்கள். பட்டமும் நாடக அனுபவமும் கேட்பார்கள், அந்த அனுபவத்தைத்தான் அவன் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறான். புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துக்குப் பட்டமேற்படிப்பு இருக்கிறது. அவனிடம் ஒன்று மட்டும் நேராகக் கேளுங்கள்: மேடை வேண்டுமா, மேடை வழியாக சினிமா வேண்டுமா? எதுவானாலும் தப்பில்லை. ஆனால் மேடைதான் என்றால் பகலில் சோறு போட இன்னொரு வேலை வேண்டும். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவுக்குள் நுழைந்தது கணக்கு எழுதும் வேலைக்கு. இன்ஜினீயரிங் படித்த பையன் பாதி நேர வேலை தேடிக்கொள்ள மாட்டானா?

'கூத்தாடி' என்ற சொல்லை உங்கள் கணவர் வசையாகச் சொல்கிறார். எனக்கு அது மனதைக் குத்துகிறது. சிவகங்கைப் பக்கம் ஒரு திருவிழாவில் 'வள்ளி திருமணம்' பார்த்தேன். அது ஸ்பெஷல் நாடகம், அதற்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், அன்று ராத்திரிதான் சேருகிறார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடக்கும்போது மணி இரண்டு இருக்கும். நாரதராக வந்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு அடியை எடுத்தவர் மேலே போக முடியாமல் நின்றார். ஆர்மோனியக்காரர் அவர் முகத்தைப் பார்த்தபடியே சுருதியை இறக்கினார். வள்ளியாக நடித்த அம்மா, அவர் விட்ட அடியைத் தன் கேள்வியாக்கித் திருப்பிப் பாடினார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் "ஆகா" என்றார். மேடையில் ஒரு ஆள் தடுமாறியது கூட்டத்தில் பலருக்குத் தெரியவே இல்லை. இருபது முப்பது வருடம் ராத்திரி ராத்திரியாக விழித்துச் சேர்த்த தொழில் அது. உங்கள் மகன் அப்படி ஒரு தொழிலின் முதல் வருடத்தில் இருக்கிறான். ஐந்து வருடம் கொடுங்கள், நடுவில் "எப்ப டிவியில வருவே" என்று கேட்காமல்.

அடுத்த மாதம் அவன் நாடகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கிப் போய் உட்காருங்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியம் உண்டு. பயிற்சியாளராக ஆசைப்படுகிறவளுக்கு முதலில் பிள்ளைகள் வேண்டும். பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சரைப் பார்த்து, காலையில் உதவிக்கு வரட்டுமா என்று அவள் கேட்கட்டும். ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும், அவளால் வண்டி ஓட்ட முடியாது. வீட்டில் உங்கள் கணவருடைய வண்டி இருக்கிறது. அவரைக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். விட்டதும் திரும்பிவிடாமல் ஒரு அரை மணி நேரம் அங்கேயே நிற்கச் சொல்லுங்கள்.