கருந்துளை நம்மை உறிஞ்சிவிடுமா?

ஞாயிறு வானியல் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளும் பெரியவர்களும் எழுதிப் போட்ட சீட்டுகளில் நான்கு.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமா சார்? (கொருக்குப்பேட்டை மாணவர்)

உறிஞ்சாது தம்பி. கருந்துளை என்பது ஒளிகூட வெளியே வர முடியாத அளவுக்கு இறுகிப்போன பொருள், அவ்வளவுதான். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தாலும், பூமி இப்போது போகிற பாதையிலேயேதான் சுற்றும். வெளிச்சமும் சூடும் போய்விடும், அவ்வளவுதான். ரொம்பக் கிட்டே போனால்தான் ஆபத்து. அந்தக் கருந்துளையின் குறுக்களவு சுமார் 6 கி.மீ., அதாவது ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை. பூமியை அப்படி அமுக்கினால் 18 மில்லிமீட்டர். நீ ஆடும் கேரம் காயைவிடச் சின்னது. சூரியன் தானாக அப்படிச் சுருங்காது, அதற்கு நிறை போதாது. செத்த நட்சத்திரம் எவ்வளவு எடை தாங்கும் என்று 1930இல் கணக்குப் போட்டவர் நம் மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சந்திரசேகர். இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்டார். வயது 19! இன்று ஏற்கப்பட்டுள்ள வரம்பு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு.

நம் பால்வீதியின் கருந்துளை எந்தப் பக்கம்? (காசிமேடு)

ஜூன் மாதம், இரவு பத்து மணிவாக்கில் கரையில் நின்று தென்கிழக்கே பாருங்கள். விருச்சிகம் என்னும் தேள் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் கொடுக்கில் மூலம் நட்சத்திரம் தெரியும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், மூலத்துக்கு வடக்கே ஏறக்குறைய ஒரு முஷ்டி தள்ளி அந்தக் கருந்துளை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. சூரியனைப்போல் 40 லட்சம் மடங்கு நிறை. அதன் படம் 2022இல் வெளியானது.

எதிர்ப்பொருள் கருந்துளைக்குள் விழுந்தால் கருந்துளை அழியுமா? (வியாசர்பாடி)

அழியாது, கனம்தான் கூடும். எதிர்ப்பொருள் என்பது சாதாரணப் பொருளின் எதிர் மின்னூட்டம் கொண்ட இரட்டை; இரண்டும் சந்தித்தால் மறைந்து ஆற்றலாகிவிடும். உள்ளே பொருளும் எதிர்ப்பொருளும் மோதி ஆற்றலானாலும், அந்த ஆற்றல் வெளியே வர வழியில்லை. ஆற்றலுக்கும் எடை உண்டு. எதிர்ப்பொருள் மேல்நோக்கி விழும் என்று நினைக்க வேண்டாம். எதிர் ஹைட்ரஜன் கீழேதான் விழுகிறது என்று ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் 2023இல் பார்த்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு பெட் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். அதில் எதிர்ப்பொருள் இருக்கிறதாமே, பயமாக இருக்கிறது. (ராயபுரம் வாசகி)

இருக்கிறதும்மா, பயப்படாதீர்கள். ஊசியில் போடுவது பெரும்பாலும் சர்க்கரைபோன்ற ஒரு மருந்து, அதில் ஃப்ளூரின்-18 என்னும் கதிர்வீசும் அணு ஒட்டியிருக்கும். அது விடும் பாசிட்ரான், அதாவது எலெக்ட்ரானின் எதிர்ப்பொருள், ஓரிரு மில்லிமீட்டருக்குள்ளேயே ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து, இரண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்களாகப் போகும். உடலைச் சுற்றியுள்ள ஸ்கேன் கருவியின் வளையம் அந்த ஜோடியைப் பிடித்து, சர்க்கரை எங்கே அதிகம் சேர்ந்திருக்கிறது என்று காட்டும். 110 நிமிடத்துக்கு ஒருமுறை கதிர்வீச்சு பாதியாகும். அம்மாவை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், மருத்துவமனையில் சொல்லும் நேரம்வரை கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.