2019 ரேஞ்சரில் 5,000 பவுண்ட் டிரெய்லர்: பின்பக்கம் தாழ்கிறது

இரண்டாம் கையாக வாங்கிய 2019 ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பில் நான்கு பேரும் ஜெனரேட்டருமாக 5,000 பவுண்ட் டிரெய்லரை மாட்டினால் பின்பக்கம் தாழ்கிறது, 7,500 பவுண்ட் வரை இழுக்குமே என்று கேட்கிறீர்கள். டோ பேக்கேஜ் (டிரெய்லர் இழுப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரும் கருவித் தொகுப்பு) இருப்பது உறுதியாகும்வரை இழுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் 7,500 பவுண்ட், அந்தப் பேக்கேஜோடு வந்த ஃபோர்டு ரேஞ்சருக்குத்தான். இல்லாததற்கு 3,500தான்.

பின்பக்கம் தாழ்வதற்குப் பெரும்பாலும் டிரெய்லரை மாட்டும் கொக்கியில் இறங்கும் எடைதான் காரணம். 5,000 பவுண்ட் டிரெய்லரில் 500 முதல் 750 வரை அங்கேயே உட்காரும். அதோடு நான்கு பேர், ஜெனரேட்டர் வேறு! 270 குதிரைத்திறன் டர்போ இன்ஜின் சிரமமில்லாமல் இழுத்துவிடும், அதனால்தான் எடை அதிகமில்லை என்று பலர் ஏமாறுகிறார்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடை சுமக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். ஆட்கள், சாமான், கொக்கி எடை எல்லாம் சேர்ந்து அந்த எண்ணுக்குள் வர வேண்டும்.

அப்புறம், டோ பேக்கேஜ் இருக்கிறதா என்று அறிய, பின் பம்பர் பக்கம் டிரெய்லருக்கு மின்சாரம் கொடுக்கும் 7 முனை பிளக் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். இரண்டாம் கை வண்டி என்கிறீர்கள், முன்பு வைத்திருந்தவர் வெளியில் மாட்டியிருக்கலாம். வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) டீலரிடம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.