பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: எம்ஜி கம்பெனியோட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி ஒன்று பார்த்திருக்கேன் அண்ணா, பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னுது. வேற என்ன பார்க்கணும்?

பெயின்ட்டை விடுங்க. 1962-லிருந்து 1980 வரை வந்த அந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எல்லாத்தையும் தாங்குது. கதவுக்குக் கீழே நீளமா ஓடுற சில் பகுதி துருப்பிடிச்சா இடுப்பே ஒடிஞ்ச மாதிரி. பின்சக்கரத்துக்கு முன்னால ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லிட்டு, கதவோரத்து இடைவெளியையே பாருங்க. அது குறுகினாலோ, கதவைத் திறக்கும்போது உரசினாலோ உள்தகடு போயிருக்கும். அழுகின சில் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி மூடுறது ரொம்பப் பழைய வித்தை. சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி ஓரமெல்லாம் ஓட்டுங்க; பட்டி தடிமனா இருக்கிற இடத்துல ஒட்டாம வழுக்கும்.

இன்னொண்ணு, நீங்க போறப்போ என்ஜின் ஜில்லுன்னு இருக்கணும். போனதும் பானெட்டைத் தொடுங்க. சூடா இருந்தா முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க, இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்புங்க.

கேள்வி: நீலப் புகை வந்தா?

ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்சம் வந்து நின்னா பெரும்பாலும் ஆயில் உள்ளே கசியாம தடுக்கிற வால்வ் சீல் போயிருக்கும். வேகம் எடுக்கும்போதெல்லாம் வந்தா பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படுங்க. முதல் விஷயம் ஆறின என்ஜின்லதான் தெரியும்.

கேள்வி: போர்ஷே 944. டைமிங் பெல்ட் மாத்தியாச்சுன்னு ஓனர் சொல்றார், பில் இல்லை.

அப்போ மாத்தலை. வால்வ் சரியான நேரத்துல திறந்து மூட வைக்கிற அந்த பெல்ட் அறுந்தா வால்வ் பிஸ்டன்ல இடிக்கும்.

கேள்வி: எம்ஜிபி-ல ரப்பர் பம்பர் வண்டி வாங்கலாமா சார்?

தாராளமா. 1974-ல அமெரிக்க விதிகளுக்காக குரோம் பம்பரை ரப்பரா மாத்தி உயரத்தையும் கூட்டினாங்க. வளைவுல கொஞ்சம் சாயும், அவ்வளவுதான்.

இன்னொருவர்: அதெல்லாம் எம்ஜியே இல்லை சார். வக்காலத்து வாங்காதீங்க.

துருவேறின குரோம் வண்டியை வெல்டிங் பட்டறையில நிறுத்திட்டு அப்புறம் சொல்லுங்க.

அவரே: ரப்பரைக் கழட்டி குரோம் மாட்டிக்கலாமே!

மாட்டலாம். முன்பக்கத் தகடு வேலை இருக்கு, உயரத்தையும் இறக்கணும். பம்பரை மட்டும் மாத்தின வண்டி சேற்றுல நிக்கிற கொக்கு மாதிரி இருக்கும். நானும் ஒண்ணு அப்படிச் செஞ்சு வெச்சிருந்தேன், சிரிக்காதீங்க.

கேள்வி: எம்ஜிபி-ல என்ஜின் நம்பர் ஒரிஜினல்தானான்னு எப்படித் தெரியும்?

பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருது. வாங்கிப் பாருங்க.

கேள்வி: எம்ஜிபி-ல பெயின்ட் நல்லா இருந்தா...

முதல் பதிலைப் படிங்க.

கேள்வி: நேர்ல போகலை, வீடியோ அனுப்பினாங்க. ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகுது!

வீடியோ எடுக்கிறதுக்கு முன்னாடி பானெட் சூடா இருந்துச்சான்னு கேட்டீங்களா?